கோணக் காலில் 2 உலகக் கோப்பை: மில் தொழிலாளி கரிஞ்சாவின் கதை

ரெண்டு காலும் கோணல். வலது கால் உள்பக்கம் வளைந்திருக்கும். இடது கால் வெளிப்பக்கம் வளைந்திருக்கும். அதுவும் ஒரு கால் இன்னொரு காலைவிட 6 சென்டி மீட்டர் கட்டை.

இந்தக் காலை வைத்துக்கொண்டு ஒரு ஆள் நேராக நடப்பதே பெரிய விஷயம். ஆனால் இந்தக் காலுக்குச் சொந்தக்காரர்தான் உலகத்தின் பெரிய பெரிய தடுப்பாட்டக்காரர்களை எல்லாம் தரையில் உட்கார வைத்தார். பிரேசில் அடுத்தடுத்து 2 உலகக் கோப்பைகளை வெல்லக் காரணமாக இருந்தார்.

அவர்தான் கரிஞ்சா. 1983-ம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி, 49 வயதில் இறந்து போனார்.

பீலேயை உலகமே அறியும். ஆனால் பிரேசில் ஜனங்கள் பீலேயை மதித்தார்கள், கரிஞ்சாவைத்தான் நேசித்தார்கள் என்று சொல்வது உண்டு. 'மக்களின் மகிழ்ச்சி' என்பதுதான் அவருக்குக் கிடைத்த பட்டப்பெயர்.

மில் பையன்

ரியோ டி ஜெனிரோ பக்கத்தில் பாவ் கிராண்டே என்று ஒரு சின்ன ஊர். ஒரு துணி மில்லை நம்பி இருந்த ஊர். அங்கே 1933-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி பிறந்தார். நிஜப் பெயர் மனுவேல் பிரான்சிஸ்கோ டாஸ் சாண்டோஸ். கரிஞ்சா என்பது ஒரு குட்டிக் குருவியின் பெயர். அக்கா ஆசையாக வைத்த பெயர், கடைசி வரை ஒட்டிக்கொண்டது.

அப்பாவுக்கு மில்லில் காவல் வேலை. மகனும் 14 வயதில் அதே மில்லுக்குப் போனார். வேலையில் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை. மீன் பிடிப்பது, குருவி பிடிப்பது, பந்து ஆடுவது... இதில்தான் புத்தி. ஆனாலும் மில் அணிக்கு அவர் ஆட்டம் தேவைப்பட்டது. அதனால் வேலை தப்பியது.

அப்பா பெருங்குடிகாரர். கரும்புச் சாறில் காய்ச்சிய சாராயம் அந்த ஊரில் தண்ணீர் மாதிரி புழங்கியது. அந்தப் பழக்கம் மகனையும் சின்ன வயதிலேயே பிடித்துக்கொண்டது. பின்னால் வந்த அத்தனைக்கும் இதுதான் ஆரம்பம்.

முதல் நாளே கலக்கல்

1953-ல் ரியோவில் இருக்கும் பொட்டாபோகோ கிளப்பில் ஆட்டத்தைக் காட்டப் போனார். அப்போதே கல்யாணமாகி குழந்தையும் இருந்தது. அவரை மறிக்க நிறுத்தப்பட்டவர் சாதாரண ஆள் இல்லை. பிரேசில் அணியின் நில்டன் சாண்டோஸ். அன்று அவர் கால்களுக்கு நடுவிலேயே பந்தைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார் கரிஞ்சா!

வேறு யாராக இருந்தாலும் கோபம் வந்திருக்கும். நில்டன் சாண்டோசோ இந்தப் பையனை உடனே ஒப்பந்தம் செய்யுங்கள், எதிரணியில் இவனைச் சந்திக்க என்னால் ஆகாது என்கிற ரீதியில் கிளப்பிடம் சொல்லிவிட்டார். அன்று முதல் ரெண்டு பேரும் நெருங்கிய நண்பர்கள்.

கரிஞ்சாவின் இடம் வலது ஓரம். அவர் வித்தை ஒன்றே ஒன்றுதான். பந்தோடு நிற்பார். உடம்பை இடது பக்கம் சாய்ப்பார். மறிப்பவர் அந்தப் பக்கம் சாய்வார். இவர் வலது பக்கம் பறந்துவிடுவார். அடுத்த தடவையும் இதையேதான் செய்வார் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருத்தராலும் தடுக்க முடியவில்லை. கோணக் கால் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

காளைச் சண்டையில் ஜனங்கள் போடும் 'ஓலே' சத்தத்தை, 1958-ல் மெக்சிகோவில் நடந்த ஆட்டத்தில் கரிஞ்சாவுக்காகப் போட்டார்கள். கால்பந்து மைதானத்துக்கு அந்தச் சத்தம் வந்தது அப்போதுதான் என்பார்கள்.

3 நிமிட சூறாவளி

1958 உலகக் கோப்பை சுவீடனில் நடந்தது. அணியோடு போன மனநல நிபுணர் வீரர்களுக்குப் பரீட்சை வைத்தார். கரிஞ்சாவுக்கு ரொம்ப மோசமான மார்க். பீலேயும் வேண்டாம், கரிஞ்சாவும் வேண்டாம் என்பது அவர் முடிவு. முதல் 2 ஆட்டங்களில் ரெண்டு பேருமே இறங்கவில்லை.

ஜூன் 15-ந் தேதி ரஷியாவுடன் 3-வது ஆட்டம். ரெண்டு பேரையும் இறக்கினார்கள். கோல் காத்தவர் லெவ் யாஷின். விசில் ஊதியதுதான் தாமதம், கரிஞ்சா அடித்த பந்து கம்பத்தில் மோதியது. அடுத்து பீலே அடித்ததும் கம்பத்தில். 3-வது நிமிடத்தில் வாவா கோல் போட்டார். பிரேசில் 2-0 என்று ஜெயித்தது.

இறுதி ஆட்டத்தில் முதல் கோல் போட்டது சுவீடன்தான். கரிஞ்சா வலது ஓரமாக ஓடிப்போய் பந்தைக் குறுக்கே கொடுத்தார், வாவா கோல். மறுபடியும் அதே ஓட்டம், அதே பந்து, வாவா இன்னொரு கோல். 5-2 என்று பிரேசிலுக்கு முதல் உலகக் கோப்பை கிடைத்தது.

தனி ஆளாகத் தூக்கிய கோப்பை

1962-ல் சிலி நாட்டில் அடுத்த உலகக் கோப்பை. 2-வது ஆட்டத்திலேயே பீலேவுக்குக் காயம். பிரேசில் அவ்வளவுதான் என்று பேசினார்கள். பாரத்தை எல்லாம் கரிஞ்சா தன் தோளில் தூக்கிக்கொண்டார்.

கால் இறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக 2 கோல். ஒன்று தலையால், இன்னொன்று தூரத்தில் இருந்து வளைத்து அடித்தது. அந்த ஆட்டத்தின் நடுவே ஒரு நாய் மைதானத்துக்குள் புகுந்துவிட்டது. இங்கிலாந்து வீரர் ஜிம்மி கிரீவ்ஸ் மண்டியிட்டு அதைப் பிடித்தார். பிறகு குலுக்கலில் அந்த நாய் கரிஞ்சாவுக்கு விழுந்தது. ஊருக்கே கொண்டு போய்விட்டார்!

அரை இறுதியில் சிலிக்கு எதிராகவும் 2 கோல். அங்கே ஓயாமல் வாங்கிய உதைக்கு ஒருமுறை திருப்பி உதைத்ததால் வெளியேற்றப்பட்டார். ஆனாலும் இறுதி ஆட்டத்தில் ஆட அனுமதி கிடைத்தது. காய்ச்சலோடு இறங்கினார். செக்கோஸ்லோவாகியாவை 3-1 என்று பிரேசில் வென்றது. போட்டியின் சிறந்த வீரர் கரிஞ்சா. அதிக கோல் போட்ட 6 பேரில் ஒருவரும் அவரே.

பிரேசிலுக்காக 1955 முதல் 1966 வரை ஆடினார். தோற்றது ஒரே ஒரு ஆட்டம். 1966 உலகக் கோப்பையில் ஹங்கேரியிடம். அதுதான் அவருடைய கடைசி சர்வதேச ஆட்டமும். பீலேயும் அவரும் சேர்ந்து இறங்கிய எந்த ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதே இல்லை.

தொகை எழுதாத காகிதம்

இவ்வளவு ஜெயித்தவருக்கு என்ன மிச்சம்? இங்கேதான் மனசு வலிக்கிறது.

கரிஞ்சா வருகிறார் என்றாலே கூட்டம் அலைமோதும். கிளப்புக்குப் பணம் கொட்டும். ஆனால் அவரோ தொகை எழுதாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். கொடுத்ததை வாங்கிக்கொள்வார். தன் உழைப்புக்கு என்ன விலை என்று கேட்கவே அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களும் சொல்லித் தரவில்லை.

முழங்கால் தேய்ந்து போனது. வலிக்கு ஊசி போட்டு ஆட வைத்தார்கள். ஆபரேஷன் 1964 வரை தள்ளிப்போனது. அதற்குள் அந்தப் பழைய வேகம் போய்விட்டது. 1966-ல் கொரிந்தியன்ஸ் கிளப்புக்கு விற்றுவிட்டார்கள்.

வீட்டிலும் புயல். மனைவியையும் 8 பெண் குழந்தைகளையும் விட்டுவிட்டு, பிரபல பாடகி எல்சா சோரெசுடன் வாழப் போனார். ஊரே திட்டியது எல்சாவைத்தான். உண்மையில் குடியை விடச் சொல்லி அவரோடு போராடியதே எல்சாதான். 1969 ஏப்ரலில் கரிஞ்சா ஓட்டிய கார் லாரியில் மோதியது. எல்சாவின் தாயார் அங்கேயே பலியானார். அந்தக் குற்ற உணர்ச்சியில் இன்னும் குடித்தார். கடைசியில் எல்சா மீதே கை நீட்டினார். 1977-ல் எல்சா பிரிந்து போனார். மைதானத்தில் எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் இந்தத் தப்பை மறைக்க முடியாது.

1973 டிசம்பர் 19-ந் தேதி மரக்கானா மைதானத்தில் அவருக்குப் பிரிவு உபசார ஆட்டம். 1 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். பீலேயும் ஆடினார். ஆனால் கூட்டம் கலைந்த பிறகு மறுபடியும் பாட்டில்தான் துணை.

தீயணைப்பு வண்டியில் கடைசிப் பயணம்

குடி அவர் கல்லீரலைத் தின்றுவிட்டது. இறந்தபோது உடலை மரக்கானாவுக்குக் கொண்டு வந்தார்கள். பிறகு தீயணைப்பு வண்டியில் ஏற்றி, பிறந்த ஊரான பாவ் கிராண்டே நோக்கி ஊர்வலம். வழி நெடுக ஜனங்கள். பாலத்தின் மேலும் ஜனங்கள். உயிரோடு இருந்தபோது கைவிட்ட நாடு, செத்த பிறகு கதறி அழுதது.

தலைநகர் பிரேசிலியாவில் இருக்கும் பெரிய மைதானத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. 2014 உலகக் கோப்பைக்காக அதை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். ஆனால் அவர் எலும்புகள் கல்லறையில் எங்கே இருக்கின்றன என்றே உறுதியாகத் தெரியவில்லை என்று 2017-ல் செய்தி வந்தது. பெயருக்கு மைதானம், ஆளுக்கு ஆறடி இடம் நிச்சயமில்லை!

எல்சா 2022-ல் இறந்தார். என்ன தேதி தெரியுமா? அதே ஜனவரி 20. கரிஞ்சா போய் சரியாக 39 வருடம் கழித்து.

கோணக் காலை கடவுள் கொடுத்தார். அதை வைத்தே கோடிப் பேரைச் சிரிக்க வைத்தார் அந்த மில் தொழிலாளி. அவரை விழவைத்தது அந்தக் கால் இல்லை. கையில் எடுத்த பாட்டிலும், தொகை பார்க்காமல் போட்ட கையெழுத்தும்தான்.