ஹாவர்டு ரிக்கெட்ஸ்

ஹாவர்டு டெய்லர் ரிக்கெட்ஸ் என்பார் 1871-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஒஹாயோ மாகாணத்திற் பிறந்தார். மருத்துவம் கற்றுச் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயினார். 1906-இல் மான்டானா மாகாணத்துப் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கிற்குச் சென்றார். ஆங்கு இளவேனில்தோறும் புள்ளிக்காய்ச்சல் என்னுங் கொடுநோய் மக்களை மாய்த்து வந்தது. அதனைப் பரப்புவது உண்ணியே என்பதைக் கினிப்பன்றிகளைக் கொண்டு நிலைநாட்டினார். தாயுண்ணியின் முட்டை வழியே குஞ்சுகட்கும் அந்நோய் செல்லுதலைக் கண்டார்.

எனினும் ஒன்று அவர்க்குக் கைகூடவில்லை. நுண்ணோக்கியில் தாம் கண்ட கிருமியைத் தனியே வளர்க்க எத்துணை முயன்றும் அது வளர்ந்திலது. ஆதலின் அதுவே நோய்க்குக் காரணமென்று அறுதியிட்டுரைக்க அவர் துணிந்திலர். பெருமை விழையும் பிறரெனின் துணிந்திருப்பர்!

வளராமையின் காரணம் பிற்காலத்தார்க்கே விளங்கிற்று. பல கிருமிகள் சர்க்கரையைத் தாமே சிதைத்து ஆற்றல் பெறும். இவ்வினத்திற்கோ அத்திறன் இல்லை. உயிரணுவினுட் புகுந்து, அவ்வணு ஆக்கிவைத்த பொருள்களையே கவர்ந்து வாழும். பிறர் சமைத்த சோற்றையே உண்டு பழகியவன் முன் நெல்லைக் குவித்துப் பயன் யாது? இவ்வினத்ததாகிய டைபஸ் கிருமியின் மரபணுத்தொகுதி 1998-இல் வெளிவந்தபோது, சர்க்கரையைச் சிதைக்கும் மரபணுக்கள் அதன்கண் இல்லாமை உறுதியாயிற்று. குளுக்கோசையும் அது தனியே கொள்வதில்லை. உயிரணு யூரிடின் டைபாஸ்பேட்டுடன் பிணைத்து வைத்த வடிவிலேயே உள்ளீர்த்துக் கொள்ளும்.

இவற்றையெல்லாம் அறியாமலே ரிக்கெட்ஸ் 1909-ஆம் ஆண்டிறுதியில் டைபஸ் நோயை ஆராய மெக்சிக்கோ நகரஞ் சென்றார். அந்நோயே அவரைப் பற்றிற்று. 1910 மே 3-இல், மனைவியும் மக்களிருவரும் வருந்த, முப்பத்தொன்பதாம் வயதில் உயிர் நீத்தார். 1916-இல் ரோச்சா லீமா என்பார் டைபஸ் கிருமிக்கு ரிக்கெட்சியா எனப் பெயரிட்டார்.