விற்பனை இருந்தும் கையில் காசில்லை... வெட்ஜ்வுட் எப்படி மீண்டார்?

இங்கிலாந்தின் பர்ஸ்லெம் ஊரில், பீங்கான் பாத்திரம் செய்யும் குடும்பத்தில் 1730-ல் பிறந்தவர் ஜோசையா வெட்ஜ்வுட். சிறுவயதில் வந்த பெரியம்மை அவரது வலது முழங்காலைப் பாதித்தது. 1768-ல் அந்தக் காலையே அகற்ற வேண்டியதாயிற்று. தொழில் மட்டும் நிற்கல. 1759-ல் சொந்தப் பட்டறை தொடங்கினார். ராணி சார்லட்டே வாடிக்கையாளர் ஆனார். 1769-ல் எட்ரூரியா தொழிற்சாலை திறந்தது.

சிக்கல் என்ன?

1772-ல் பிரிட்டனில் வங்கிகள் சரிந்தன. கடன் கிடைக்கல, சரக்கு தேங்கியது. அதுவரை நல்ல விற்பனைதான். ஆனால் ஒரு ஜாடி செய்ய உண்மையில் எவ்வளவு ஆகுது என்பது முதலாளிக்கே சரியாகத் தெரியாது!

கணக்குப் புத்தகங்களோடு உட்கார்ந்தார் வெட்ஜ்வுட். களிமண், கூலி, நிலக்கரி, வாடகை, குமாஸ்தா சம்பளம் என ஒவ்வொரு செலவையும் பிரித்து எழுதினார்.

கிடைத்தது என்ன?

* அலுவலகத்திலேயே நடந்த கையாடல் வெளியே வந்தது.
* பல பொருட்களின் விலைக்கும் அடக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை.
* 100 ஜாடி செய்தாலும் 1,000 செய்தாலும் வாடகை அதேதான். அதிகம் செய்தால் ஒரு ஜாடி மீது விழும் பங்கு குறையும்.

மூன்றாவதுதான் அவரைக் காப்பாற்றியது. பிரபுக்களுக்கு மட்டும் விற்ற ஜாடிகளை, விலை குறைத்து நடுத்தரக் குடும்பங்களுக்கும் கொண்டுபோனார்.

1795-ல் இறக்கும்போது அவர் பெரும் செல்வந்தர். நிலையான செலவு, மாறும் செலவு எனச் சிறுதொழில் முனைவோர் இன்று பயிற்சிகளில் படிக்கும் பாடத்தை, நெருக்கடிக்கு நடுவே தானே கற்றுக்கொண்டவர் அவர்.