முத்துராஜ் பிறந்த காஜனூர்

கன்னடத் திரையுலகின் தலைசிறந்த நடிகர் ராஜ்குமாரின் பூர்வீகம் கொள்ளேகால் பக்கத்துச் சிங்காநல்லூர். கோவைச் சிங்காநல்லூர் வேறு, இது வேறு. அவரது தலைப்பெழுத்துகளில் முதலாவது இந்த ஊரையும், இரண்டாவது தந்தை புட்டசுவாமையாவையும் குறிக்கும்.

தாளவாடிப் பகுதியிலுள்ள தொட்ட காஜனூரில் 1929 ஏப்ரல் 24-ஆம் தேதி அவர் பிறந்தார். அன்று கொள்ளேகாலும் தாளவாடியும் சென்னை மாகாணத்தின் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தன. காவிரிக் கரையில் முத்தத்தியில் கோயில் கொண்டுள்ள ஆஞ்சநேயரின் நினைவாகப் பெற்றோர் அவருக்கு முத்துராஜ் என்று பெயரிட்டனர்.

புட்டசுவாமையா நாடக நடிகர். கம்சன், இராவணன், இரணியன் வேடங்களில் பேர் வாங்கியவர். பேர் இருந்ததே தவிர வீட்டில் வசதி இல்லை. தாயார் லட்சுமம்மா வறுமையோடு போராடிப் பிள்ளைகளை வளர்த்தார். முத்துராஜின் படிப்பு எட்டு வயதிலேயே நின்றது. தந்தையைப் பின்பற்றி மேடை ஏறினார். குப்பி வீரண்ணாவின் நாடகக் கம்பெனியே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

1954-இல் எச்.எல்.என். சிம்ஹா இயக்கிய 'பேடர கண்ணப்பா' படத்தில் கதாநாயகனானார். ராஜ்குமார் என்ற பெயரும் அப்போது வந்ததே. நம் பெரியபுராணம் போற்றும் கண்ணப்ப நாயனாரின் வேடம் அது. பின்னர் 200-க்கும் அதிகமான படங்களில் நடித்தார். பல ஆண்டுகள் சென்னையிலேயே குடும்பத்துடன் வசித்தார்.

1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தப்பட்டன. கொள்ளேகால் மைசூர் ராஜ்யத்தில் சேர்ந்தது. தாளவாடி சென்னை ராஜ்யத்திலேயே நின்றது. தந்தையின் ஊர் ஒரு மாநிலம், பிறந்த ஊர் மறு மாநிலம் என்றாயிற்று. 1982-இல் கன்னடத்துக்கான கோகாக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியபோதும் ராஜ்குமார் காஜனூரை மறக்கவில்லை. ஓய்வு கிடைத்தால் அங்கேதான் செல்வார்.

2000 ஜூலை 30 இரவு, அந்தக் காஜனூர் வீட்டிலிருந்துதான் வீரப்பன் அவரைக் கடத்திச் சென்றான். கர்நாடகத்தில் பிழைப்பு நடத்தும் தமிழ்க் குடும்பங்கள் என்ன நேருமோ என்று அஞ்சிய நாட்கள் அவை. 108 நாட்களுக்குப் பின், நவம்பர் 15-இல் அவர் விடுதலையானபோது இரு மொழியினரும் ஒருசேர நிம்மதி அடைந்தனர்.

2006 ஏப்ரல் 12-இல் பெங்களூரில் ராஜ்குமார் காலமானார். அவரது விருப்பப்படி கண்கள் தானம் செய்யப்பட்டன.

எல்லைக்கு இந்தப் பக்கம் வேலையும் அந்தப் பக்கம் உறவுமாக வாழும் குடும்பங்கள் கொள்ளேகாலில் உண்டு. சிங்காநல்லூர் புட்டசுவாமையாவின் குடும்பமும் அப்படிப்பட்டதே.