சொற்சிக்கனம் கண்ட ஜேம்ஸ் ஜாய்ஸ்

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் 1882ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் ஜேம்ஸ் ஜாய்ஸ் பிறந்தார். தந்தை வரி வசூல் அலுவலர். நன்றாகப் பாடுவார், அதைவிட நன்றாகக் குடிப்பார். வேலை போயிற்று, சொத்துக்களும் கைவிட்டுப் போயின. குடும்பம் வீடு மாற்றிக்கொண்டே இருந்தது. செல்வர் பிள்ளைகள் பயிலும் கிளாங்கோஸ் வுட் பள்ளியில் சேர்க்கப்பட்ட மூத்த மகன், கட்டணம் செலுத்த வழியின்றி வீடு திரும்பினான். பின்னர் இயேசு சபையாரின் பெல்வெடியர் பள்ளி அவனைக் கட்டணமின்றி ஏற்றுக்கொண்டது. 1902இல் ஜாய்ஸ் பட்டதாரியானார்.

மருத்துவம் பயிலப் பாரிஸ் சென்றவர், தாயார் இறக்கும் தறுவாயில் இருப்பதாகத் தந்தி வரவே 1903இல் திரும்பினார். அவ்வாண்டே தாயார் மறைந்தார். மறு ஆண்டு, உழவர் கூட்டுறவு இயக்கத்தின் வார இதழான ஐரிஷ் ஹோம்ஸ்டெட்டுக்கு எளிய கதையொன்று எழுதித் தருமாறு கவிஞர் ஜார்ஜ் ரஸ்ஸல் கேட்டார். சன்மானம் ஒரு பவுன். மூன்று கதைகள் வெளிவந்தன. வாசகர்கள் குறைகூறவே இதழ் அத்துடன் நிறுத்திக்கொண்டது. அதே 1904இல் ஜாய்ஸ் காதலி நோராவுடன் நாட்டைவிட்டு வெளியேறி, அந்நாளில் ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த டிரியெஸ்ட் நகரில் ஆங்கிலம் கற்பித்துப் பிழைத்தார்.

அங்கிருந்துகொண்டு அவர் எழுதியதெல்லாம் டப்ளினைப் பற்றியே. வறுமை, குடி, தோல்வி எல்லாம் அவர் வீட்டிலேயே கண்டவை. கண்ணீர் பெருக எழுதியிருக்கலாம். அவரோ வேண்டுமென்றே கஞ்சத்தனமான நடையைக் கைக்கொண்டதாகப் பதிப்பாளருக்கு அறிவித்தார்.

அந்நடைக்குச் சான்றாகக் 'களிமண்' கதையைக் கூறலாம். சலவையகச் சமையற்கட்டில் வேலை செய்யும் மணமாகாத மரியா, தான் வளர்த்த ஒருவனின் வீட்டுக்குப் பண்டிகை இரவில் விருந்துக்குச் செல்கிறாள். கண்ணைக் கட்டிக்கொண்டு தட்டுகளில் ஒன்றைத் தொடும் விளையாட்டு நடக்கிறது. அவள் விரல் ஈரமான, மெத்தென்ற ஏதோ ஒன்றில் படுகிறது. வீடு அமைதியாகிறது. அதைத் தொட்டவருக்கு மரணம் என்பது அந்நாட்டு நம்பிக்கை. களிமண் என்ற சொல் தலைப்பில் உண்டு. கதைக்குள் ஓரிடத்திலும் இல்லை. பிறகு மரியா பாடுகிறாள். இரண்டாம் பகுதியை மறந்து முதற்பகுதியையே மீண்டும் பாடுகிறாள், யாரும் திருத்தவில்லை. விடுபட்ட பகுதி, மணம் கேட்டு வருவோரைப் பற்றியது. ஆசிரியர் அதையும் சொல்லவில்லை. அவர் விட்ட இடத்தை நம் நெஞ்சம் நிரப்புகிறது.

இச்சிறு நூல் வெளிவர ஒன்பது ஆண்டுகள் ஆயின. 1906இல் லண்டன் பதிப்பாளர் கிராண்ட் ரிச்சர்ட்ஸ் ஏற்றார், அச்சகத்தார் மறுத்தனர். அன்றைய சட்டப்படி அச்சிட்டவரும் வழக்கில் சிக்கக்கூடும். ஜாய்ஸ் சில சொற்களை விட்டுக்கொடுத்தும் பயனில்லை. அடுத்து டப்ளின் நிறுவனமான மான்செல் 1909இல் ஒப்பந்தம் செய்தது. உண்மையான கடைகளின் பெயர்களும், மன்னர் ஏழாம் எட்வர்டைப் பற்றிய பேச்சும் அச்சத்தை மூட்டின. 1912இல் 1,000 பிரதிகளுக்கான அச்சுத்தாள்கள் அழிக்கப்பட்டன. தப்பிய ஒரே பிரதியுடன் ஜாய்ஸ் ஊரைவிட்டுக் கிளம்பினார்; அதன்பின் அயர்லாந்து மண்ணை அவர் மிதிக்கவேயில்லை. 1914 ஜூன் 15இல் அதே ரிச்சர்ட்ஸே 'டப்ளினர்ஸ்' நூலை வெளியிட்டார். அதில் 15 கதைகள். முதல் 500 பிரதிகளுக்கு ஆசிரியருக்குப் பங்கில்லை என்பது ஒப்பந்தம். அவ்வாண்டு விற்றவை 499!

1922இல் வந்த 'யுலிசஸ்' அவரை உலகறியச் செய்தது. 1941 ஜனவரி 13ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் அவர் உயிர் பிரிந்தது.

ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் கண்டதை மட்டும் எழுதுமாறு எங்களுக்குக் கற்பிக்கிறார்கள். அளவு சரியாக இருந்தால் முடிவு தானே விளங்கும். தம் வீட்டுத் துயரத்தையே அவ்வாறு எழுதியவர் ஜாய்ஸ். நமக்கு மிக நெருங்கிய துன்பத்தை எழுதும்போதுதான் சொற்கள் பெருகத் துடிக்கின்றன. அப்போது பேனாவைச் சற்றே நிறுத்தினால், அதுவே அவரிடம் நாம் கற்றதன் அடையாளமாகும்.