செருப்புத் தைப்பவர் மகன் ஜார்ஜ் பூல்



லேப்பில் நாம் கழற்றி மாட்டும் ராம் மாட்யூலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 8 ஜிபி, டிடிஆர்4, 1.2 வோல்ட், பிசி4-25600 என்று ஸ்டிக்கரில் இருக்கும். கீழே தங்க நிறத்தில் 288 பின்கள். ஒரு தடவைக்கு 64 பிட், அதாவது 8 பைட் போய் வரும். விநாடிக்கு 3200 மில்லியன் தடவை. 3200-ஐ 8-ஆல் பெருக்கினால் 25,600 மெகாபைட். ஸ்டிக்கரில் உள்ள எண் அதுதான்! இத்தனையும் 0, 1 என்ற இரண்டே நிலைகளில் நடக்கிறது. இந்த இரண்டை மட்டும் வைத்துச் சிந்தனைக்கே கணக்கு வகுத்தவர் ஜார்ஜ் பூல்.

உண்மையைச் சொன்னால், முதலில் இவர் பேரே எனக்குக் கசக்கும். டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸில் எனக்கு அரியர் விழுந்ததே பூலியன் அல்ஜீப்ராவால்தான். எங்க வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருத்தன்தான். படிப்பை விட்டுட்டு அப்பா கூட சென்ட்ரிங் வேலைக்கே போயிடலாம்னு முடிவு பண்ணியிருந்தேன். அந்த நேரத்தில்தான் நூலகத்தில் இவர் வாழ்க்கையைப் படித்தேன்.

பூல் 1815-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் இங்கிலாந்தில் லிங்கன் நகரில் பிறந்தார். தந்தை செருப்புத் தைப்பவர். தொழிலைவிட லென்ஸும் தொலைநோக்கியும் செய்வதில்தான் அவருக்கு ஆசை அதிகம். அதனால் தொழில் நொடித்தது. 16 வயதில் பூல் உதவி ஆசிரியர் வேலைக்குப் போனார். குடும்பமே அவர் சம்பளத்தில் ஓடியது. 19 வயதில் சொந்தமாகப் பள்ளி தொடங்கினார். கல்லூரி வாசலை மிதிக்கவே இல்லை. தொழிலாளர்களுக்காக நடந்த மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட் நூலகத்தில் புத்தகம் எடுத்து, உயர்கணிதத்தைத் தானே கற்றார்.

1844-இல் ராயல் சொசைட்டி இவருக்குப் பதக்கம் தந்தது. 1849-இல் அயர்லாந்தில் கார்க் நகரக் கல்லூரி, பட்டமே இல்லாத இவரைக் கணிதப் பேராசிரியர் ஆக்கியது! 1855-இல் மேரி எவரெஸ்டை மணந்தார். சிகரத்துக்குப் பேர் தந்த ஜார்ஜ் எவரெஸ்டின் சகோதரர் மகள் இவர். இவர்களுக்கு ஐந்து பெண்கள்.

1854-இல் வந்த அவர் நூலின் அடிப்படை எளிமையானது. ஒரு மந்தையில் வெள்ளை ஆடுகளைப் பிரித்தெடுங்கள். அதிலிருந்து மறுபடி வெள்ளை ஆடுகளைப் பிரியுங்கள். அதே ஆடுகள்தானே வரும்? அப்படியானால் எக்ஸை எக்ஸால் பெருக்கினாலும் எக்ஸ்தான். எண்களில் இதற்குப் பொருந்துவது 0-வும் 1-ம் மட்டுமே! இது புரிந்த அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் பாடத்தின் மேல் இருந்த பயம் போனது.

1864-இல் ஒருநாள் கொட்டும் மழையில் சுமார் 3 மைல் நடந்து கல்லூரிக்குப் போனார். ஈர உடையோடே பாடம் நடத்தினார். காய்ச்சல் வந்து, அது நிமோனியாவாகி, டிசம்பர் 8-ஆம் நாள் 49 வயதில் மறைந்தார். தன் கணக்கு மின்சாரத்தில் ஓடுவதை அவர் பார்க்கவில்லை. 73 ஆண்டுகள் கழித்து, 1937-இல் அமெரிக்காவில் கிளாட் ஷானன் என்ற மாணவர், ரிலே சுவிட்சுகளின் சர்க்யூட்டுக்கு இது அப்படியே பொருந்தும் என்று தன் ஆய்வேட்டில் காட்டினார். ராம் சிப்பில் கோடிக்கணக்கான செல்களில் கேட்ட இடத்தைத் தேடித் தரும் டிகோடரும் பூலின் கணக்கில்தான் இயங்குகிறது. 3 அட்ரஸ் லைன் இருந்தால் 8 இடத்தில் ஒன்று. அண்ட் கேட்டும் நாட் கேட்டும் சேர்ந்ததுதானே அது!

நண்பர்களே! அரியரை அடுத்த செமஸ்டரில் எழுதி 61 வாங்கினேன். பெரிய மார்க் இல்லைதான். ஆனால் சென்ட்ரிங் வேலைக்கு இப்போ லீவு நாளில் மட்டும்தான் போகிறேன். டிப்ளமோதானே என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால், டிப்ளமோகூட இல்லாத அந்தப் பேராசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். அரியர் இருக்கிற நண்பர் யாராவது படிப்பை விடப்போறேன்னு சொன்னால், தயவுசெய்து என்னிடம் ஒருவார்த்தை பேசச் சொல்லுங்கள். வெள்ளை ஆட்டுக் கணக்கிலிருந்து சேர்ந்தே தொடங்குவோம்!

— மூன்றாமாண்டு மாணவன், கணினித் துறை