டயமண்ட் ஜிம்: தழும்பில்லாத ஆபரேஷனும் நிற்காத ரத்தமும்

ஜேம்ஸ் புக்கானன் பிராடி 1856-ல் நியூயார்க்கில் ஒரு மதுக்கடைக்காரர் மகனாகப் பிறந்தார். ஹோட்டலில் பெட்டி தூக்கும் பையனாக ஆரம்பித்து, ரயில் தளவாடங்கள் விற்றுப் பெரும் பணக்காரர் ஆனவர். சட்டைப் பொத்தான் வரைக்கும் வைரம் மின்னும் என்பதால் 'டயமண்ட் ஜிம்' என்றே பெயர். அவருடைய சாப்பாட்டைப் பற்றி ஏகப்பட்ட கதைகள் உண்டு. அதில் பாதி புருடாதான்.

ஆனா நோய் நிஜம். 50 வயதைத் தாண்டியபின் புராஸ்டேட் வீங்கி, சிறுநீர்ப் பாதையை அடைத்தது. கூடவே சர்க்கரை, இதயக் கோளாறு வேற. அந்தக் காலத்தில் புராஸ்டேட்டை எடுக்கணும்னா கிழித்துத்தான் ஆகணும். இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள்.

1912-ல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனார். அங்கே டாக்டர் ஹியூ ஹாம்ப்டன் யங், 1909-ல் 'பஞ்ச்' என்றொரு கருவியை உருவாக்கியிருந்தார். சிறுநீர்த் துவாரம் வழியாகக் குழாயை விட்டு, அடைக்கும் சதையை நறுக்கி எடுப்பார். முழு மயக்கம் தேவையில்லை, வெளியே தழும்பும் இருக்காது.

சிக்கல், ரத்தம். புராஸ்டேட்டில் ரத்தக்குழாய்கள் அதிகம். இதுவோ வெறும் கத்தி. வெட்டும் இடம் சரியாகத் தெரியாது, கசியும் குழாயைக் கருக்கி அடைக்கவும் வழியில்லை. ரத்தம் உறைந்து கட்டியானால் சிறுநீர் மறுபடி அடைபடும்.

பிராடி தப்பித்தார். நன்றிக்கடனாக 2,20,000 டாலர் கொடுத்தார். அவர் பெயரிலேயே 1915-ல் அங்கே சிறுநீர்ப்பாதை நோய்களுக்கான மையம் திறக்கப்பட்டது. 1917-ல் தூக்கத்திலேயே இறந்துபோனார்.

ரத்தத்தை அடக்கும் வழிகள் அவருக்குப் பிறகுதான் வந்தன. 1930-களில் மின்சாரத்தால் வெட்டி, அதாலேயே கருக்கும் முறை பரவியது. இன்று எல்லா வார்டிலும் இருக்கும் பலூன் வைத்த ஃபோலே கதீட்டர்கூட, முதலில் இந்த ரத்தக்கசிவை அமுக்கி நிறுத்த வந்ததுதான்!

இப்போது லேசர் வந்துவிட்டது, கசிவும் குறைந்திருக்கிறது. ஆனாலும் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ இந்த ஆபரேஷன் நடந்தால், சில நாள் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போகும். ஓரிரு வாரம் கழித்து, உள்புண்ணின் பொருக்கு உதிரும்போது மறுபடி சிவக்கலாம். பெரும்பாலும் ஓய்வெடுத்து, தண்ணீர் குடித்தாலே சரியாகும். கட்டி கட்டியாக ரத்தம் வந்தாலோ, சிறுநீரே வராவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால், ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிடணும். அதை நிறுத்துவதும் தொடங்குவதும் டாக்டர் சொல்லும் தேதியில்தான்.