நாணயத்தில் ஒரு கைதி!

ஸ்பெயின் நாட்டின், 10, 20, 50 சென்ட் யூரோ நாணயங்களில், தாடி வைத்த ஒருவரின் முகம் இருக்கும். அவர் அரசர் அல்ல, தளபதியும் அல்ல. போரில் ஒரு கை செயலிழந்தவர்; ஐந்து ஆண்டுகள் அடிமையாகக் கிடந்தவர்; கணக்கு வழக்கில் சிக்கிச் சிறைக்கும் போனவர். அவருக்கா இந்த மரியாதை என்று தோன்றுகிறதா, குட்டீஸ்? கதையைக் கேளுங்கள்.

மிகுவல் டி செர்வாண்டிஸ், 1547ம் ஆண்டு, மாட்ரிட் நகருக்கு அருகே உள்ள அல்கலா டி ஹெனாரஸ் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ரோட்ரிகோ, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் சிறு வைத்தியர். வருமானம் போதாமல், கடனுக்காகச் சிறை சென்றார். பிழைப்புத் தேடி, குடும்பம் ஊர் ஊராக அலைந்தது.

வாலிபரானதும், செர்வாண்டிஸ் படையில் சேர்ந்தார். 1571ம் ஆண்டு, அக்டோபர் 7ம் தேதி, கிரேக்க நாட்டின் கடலோரம் லெபாண்டோவில், துருக்கியக் கடற்படையுடன் பெரும் போர் நடந்தது. அன்று அவருக்குக் கடும் காய்ச்சல். கப்பலின் கீழ்த்தளத்தில் படுத்திருக்கச் சொன்னதை மறுத்து, போரிடச் சென்றார். மார்பில் இரண்டு குண்டுகள். இடது கையில் ஒன்று. உயிர் பிழைத்தார். ஆனால், இடது கை அதன்பின் உதவவே இல்லை.

1575ம் ஆண்டு, தம்பியுடன் கப்பலில் ஊர் திரும்பும்போது, கடற்கொள்ளையர் மறித்து, வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸ் நகருக்குப் பிடித்துச் சென்றனர். அவரிடம், தளபதி கொடுத்த பாராட்டுக் கடிதம் இருந்தது. அதைப் பார்த்தவர்கள், இவர் பெரிய இடத்துப் பிள்ளை என்று எண்ணி, விடுதலைக்கு, 500 பொற்காசுகள் கேட்டனர். நல்ல வேலை வாங்கித் தர வேண்டிய கடிதமே, அவருக்கு விலங்கானது!

நான்கு முறை தப்பிக்க முயன்றார், நான்கும் தோல்வி. பிடிபட்டபோது, கூட்டாளிகளைக் காட்டிக் கொடுக்காமல், பழியைத் தானே ஏற்றார். குடும்பத்தார் சேர்த்த பணம், 1577ல் தம்பியை மீட்க மட்டுமே போதுமானதாக இருந்தது. 1580ல், செர்வாண்டிசை கான்ஸ்டான்டிநோபிளுக்குக் கொண்டு போகக் கப்பலில் ஏற்றிவிட்டனர். கடைசி நேரத்தில், கைதிகளை மீட்பதையே தொண்டாகச் செய்த கிறிஸ்தவத் துறவிகள், பணத்தைத் திரட்டிக் கட்டி, அவரை மீட்டனர்.

ஊர் திரும்பியும் நிம்மதி இல்லை. நாடகங்கள் எழுதினார்; வயிறு நிறையவில்லை. கடற்படைக்காக கோதுமையும், ஆலிவ் எண்ணெயும் சேகரித்தார், வரி வசூலித்தார். வசூல் பணத்தைப் போட்டு வைத்த வட்டிக்கடைக்காரர் திவாலானதால், 1597ல், செவில் நகரச் சிறையில் அடைக்கப்பட்டார்.

தன் கதை ஒரு சிறையில்தான் கருவானது என்பது போல, முன்னுரையில் பின்னர் குறிப்புத் தந்தார். அதுதான், 1605ல் வெளியான, 'டான் குயிக்ஸாட்!' வீரக் கதைகளை ஓயாமல் படித்து, தன்னையே மாவீரனாக எண்ணிக்கொள்ளும் ஒரு முதியவரின் கதை. காற்றாலைகளை அரக்கர்கள் என நினைத்து, ஈட்டியோடு பாய்ந்து விழுவார். கூடவே, வெள்ளந்தியான உதவியாளன் சாஞ்சோ. நாடே விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால், புத்தக உரிமையை முன்பே விற்றுவிட்டதால், செர்வாண்டிஸ் பணக்காரர் ஆகவில்லை.

1614ல், யாரோ ஒருவர், பொய்ப் பெயரில் அக்கதைக்கு இரண்டாம் பாகம் எழுதி, அவரது முதுமையையும், ஊனமான கையையும் கேலி செய்தார். செர்வாண்டிஸ் சோரவில்லை. 1615ல், உண்மையான இரண்டாம் பாகத்தை வெளியிட்டார்.

அதில்தான், ரிக்கோட்டே என்ற கடைக்காரர் வருகிறார். ஸ்பெயினின் பல பகுதிகளை, பல நூற்றாண்டுகள் முஸ்லிம் மன்னர்கள் ஆண்டனர். கிறிஸ்தவர், முஸ்லிம், யூதர் என மூன்று மதத்தினரும் அங்கு வாழ்ந்தனர். 1492ல், யூதர்கள் வெளியேற்றப்பட்டனர். முஸ்லிம்கள் மதம் மாற்றப்பட்டனர். அவர்களின் சந்ததியினர் சுமார் மூன்று லட்சம் பேரும், 1609ல் தொடங்கி, நாட்டை விட்டே துரத்தப்பட்டனர். அவர்களில் ஒருவர்தான், சாஞ்சோவின் பக்கத்து வீட்டுக்காரரான ரிக்கோட்டே. யாத்ரீகர் வேடத்தில் திரும்பி வருகிறார். எங்கே போனாலும், ஸ்பெயினை நினைத்து அழுகிறோம் என்கிறார். சாஞ்சோ, அவரோடு சேர்ந்து உண்கிறான், காட்டிக் கொடுக்கவில்லை.

முஸ்லிம்களிடம் ஐந்து ஆண்டுகள் அடிமைப்பட்டவர் செர்வாண்டிஸ். வெறுக்கக் காரணம் இருந்தும், ரிக்கோட்டேயை, ஊரை இழந்து தவிக்கும் மனிதராகவே காட்டினார். அரிசி, சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றுக்கான ஸ்பானிய சொற்கள், அரபு மொழியிலிருந்து வந்தவை. மனிதர்களைத் துரத்தியவர்களால், மொழியில் கலந்ததைத் துரத்த முடியவில்லை!

1616, ஏப்ரல் 22ம் தேதி, மாட்ரிட்டில் செர்வாண்டிஸ் காலமானார். அவரை மீட்ட அதே துறவியர் சபையின் மடத்தில்தான், அடக்கம் செய்யப்பட்டார். இன்று ஸ்பானிய மொழிக்கு, செர்வாண்டிசின் மொழி என்றே ஒரு பெயர் உண்டு. ஏப்ரல் 23ம் தேதியை, உலகப் புத்தக தினமாக, 1995ல், 'யுனெஸ்கோ' அறிவிக்க, அவரது நினைவும் ஒரு காரணம்.

குட்டீஸ், அன்று ஸ்பெயினை ஆண்ட அரசர்களின் பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்? தன் மக்களின் சிரிப்பையும், கண்ணீரையும் எழுதியவரையே, அந்த நாடு தன் அடையாளமாக வைத்திருக்கிறது. அடுத்த முறை, உங்களைத் துன்புறுத்தியவர் மீது கோபம் வந்தால், ரிக்கோட்டேயை எழுதிய அந்தக் கையை நினைத்துக் கொள்ளுங்கள்.